இரும்புமூஞ்சி திருந்திய பிறகு

கெட்டவன் திருந்திய வாரத்தோடு படத்தை நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், மலாய் நாட்டில், ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே ஒரு டெலிவிஷன்தான். அது மண்டபத்தில் பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் இருந்தது. சாவி தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியின் இடுப்பில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு மனசு வந்து, மழையும் வராமல் இருந்தால், ஒரு பொம்மைப் படம் பார்ப்போம். கறுப்பு வெள்ளை. அதில் அவர்கள் பேசிய பாஷை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கீழே மலாயில் எழுத்து ஓடும். நாங்கள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம். நெருப்பு வால் குதிரையில் வருகிறவன் குதிரைக்காரன். இரும்பு முகமூடியும் தரையைக் கூட்டும் நீள அங்கியும் போட்டுக்கொண்டு, ஊர் ஜனத்தையெல்லாம் கோட்டைக்குள் அடைத்துக் கல்லுடைக்க விட்டவன் இரும்புமூஞ்சி.

ஆறு மாதம் அட்டகாசம் செய்த இரும்புமூஞ்சி, ஒரு சனிக்கிழமை திடீரென்று சாட்டையைத் தீயில் போட்டான். கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். குதிரைக்காரன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாட்டு வந்தது, எழுத்து வந்தது, முடிந்துவிட்டது. அடுத்த வாரம் அதே நேரத்தில் நாலு பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உரத்தைப் பற்றிப் பேசினார்கள். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று கிராணியிடம் முறையிட்டோம்.

எங்களுக்கு இருந்த கேள்வி நியாயமானது. திருந்தியவன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தான்? கல்லுடைத்த ஜனம் அவனைச் சும்மா விட்டதா? அவனுக்குச் சோறு யார் போட்டார்கள்?

எனக்கு அப்போது பத்து வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படம் வரைகிற பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரோடு கொஞ்சம் தலைக்கனத்தையும் சேர்த்தே வாங்கியிருந்தேன். டெலிவிஷன்காரர்கள் முடிக்கத் தெரியாமல் விட்டதை நான் முடித்துக் காட்டுவதாக அறிவித்தேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி கட்டுகிற வேலை. அங்கே கிழிசலாகிப்போன பழுப்புத் தாளை எனக்காகக் கொண்டுவருவார். அதை மடித்து, வெட்டி, நடுவில் நூல் கோத்துப் புத்தகமாக்கினேன்.

கதையின் நாயகன் இரும்புமூஞ்சி. ஏன் குதிரைக்காரன் இல்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நல்லவனைப் பற்றித்தான் எல்லாம் தெரியுமே, இனிமேல் பார்க்கவேண்டியது கெட்டவனைத்தான் என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னேன். உண்மை வேறு. எனக்குக் குதிரைக் கால் வராது. நாலு காலையும் வரைந்து முடித்தால் ஏதோ ஒரு கால் மேசைக் கால் ஆகிவிடும். இரும்புமூஞ்சிக்கு முகமும் வரைய வேண்டாம், காலும் வரைய வேண்டாம். ஒரு முகமூடி, ஒரு அங்கி, முடிந்தது வேலை.

சனிக்கிழமை, படம் போட்ட அதே நேரத்துக்கு, மண்டபத்துப் படியில் உட்கார்ந்து வாரம் ஒரு பாகமாகக் காட்டினேன். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் பாகத்தில், திருந்திய மறுநாள் விடியற்காலையில் இரும்புமூஞ்சி பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கிறான். பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெரட்டுக்களத்தை விட்டால் மறுநாள் காலை என்று எங்களுக்கு வேறெதுவும் தெரியாது. ராஜாவோ அரக்கனோ, விடிந்தால் பனியில் நடுங்கிக்கொண்டு அங்கே வந்து நிற்கவேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. அவனுக்கு ஒரு கூடையைக் கொடுத்துக் கொழுந்தெடுக்க அனுப்பினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாம் பாகத்தில் குடை வந்தது. இவன் முன்பு அதிகாரம் செய்தவன் என்பதைப் பார்த்ததும் தெரிகிற மாதிரி காட்டவேண்டும். சாட்டையைத்தான் தீயில் போட்டாயிற்று. எங்களுக்குத் தெரிந்த அதிகாரம், அதட்டி வேலை வாங்குகிற கங்காணி. கங்காணி என்றால் சட்டைக் காலரில் பின்பக்கமாக மாட்டித் தொங்கவிட்ட கறுப்புக் குடை. மழைக்கும் ஆச்சு, இரண்டு கையையும் வீசி நடக்கவும் ஆச்சு. ஆகவே இரும்புமூஞ்சியின் முதுகிலும் ஒரு குடையைத் தொங்கவிட்டேன்.

"ஏய், இது ஒங்க மாமாலா!" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

நான் அப்படி நினைத்து வரையவில்லை என்று சத்தியம் செய்தேன். ஆனால் அவள் சொன்ன பிறகு பார்த்தால் அது மாமாவேதான். கங்காணி வேலை போன பிறகும், கூடை தூக்காத நேரத்தில் குடையைக் காலரில் மாட்டிக்கொண்டு திரிந்தவர் எங்கள் தோட்டத்தில் அவர் ஒருவர்தான்.

மாமா என் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவர் பெண்கள் கூட்டத்துக்குக் கங்காணி. வாய் திறந்தால் அதட்டல்தான். யாரோ எடைக்காகக் கூடையின் அடியில் கல்லைப் போடுகிறார்கள் என்று புகார் வந்து, ஒரு நாள் துரையே நேரில் வந்து எடைக் கொட்டகையில் நின்றிருக்கிறார். வரிசையில் முதலில் நின்றவள் என் அம்மா. தங்கச்சி என்று பார்க்கமாட்டேன் என்று துரைக்குக் காட்டவேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றியதோ என்னவோ. கையை விட்டுத் துழாவிப் பார்த்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் கூடையை அப்படியே தரையில் கவிழ்த்தார். கவிழ்த்துவிட்டு, பூட்ஸ் காலால் கொழுந்தைக் கிளறினார். கல் இல்லை. ஒரு காம்பு கூட முற்றலாக இல்லை. அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாளாம். அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கேள்விப்பட்டு அப்பா தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்து, துரை முன்னாலேயே மாமாவின் சட்டையைப் பிடித்தார். அதற்கு அப்பாவை மூன்று வாரம் வேலைக்கு வராதே என்று நிறுத்தினார்கள். அன்றைக்கு அறுந்தது இரண்டு வீட்டுக்கும் பேச்சு.

பிறகு துரை மாறினார். புதுத் துரை புதுக் கங்காணியை வைத்துக்கொண்டார். மாமா சாதாரண ஆளாகக் கூடை தூக்க வந்தார். அத்தை அதற்கு முன்பே கோபித்துக்கொண்டு தாப்பாவில் இருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கீழ் லயத்தில் கடைசி வீட்டில் அவர் தனியாக இருந்தார். அவர் வந்தால் குழாயடியில் பேச்சு நிற்கும், போன பிறகு தொடரும். திட்டுகிறவர்கள் கூட இல்லை.

இந்தச் சண்டைக்குக் கப்பம் கட்டியது என் காதுதான். எங்களில் காதுகுத்து தாய்மாமன் மடியில்தான். எனக்குக் குத்தவேண்டிய வயதில் மடி பகையாகிவிட்டது. "ஒண்ணு விட்ட அண்ணன் கம்போங் ராஜாவுல இருக்காருல்ல, அவரு மடியில ஒக்கார வச்சா ஆகாதா?" என்று அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பார். "கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் மடியா?" என்பாள் அம்மா. பத்து வயது வரை மூளிக் காதோடு நின்றேன். பள்ளியில் பையன்கள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்கள்.

குடை போட்ட பாகம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகளிடமிருந்து பெண்களுக்குப் போய், பெண்களிடமிருந்து ஆண்களுக்குப் போய், கடைசியில் அப்பாவிடம் வந்தது. அடி விழப்போகிறது என்று நான் கதவோரமாக நின்றேன். அப்பா பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"அடுத்த வாரம் இவன சாக்கடையில தள்ளிவிடு," என்றார்.

மறுநாள் ஒரு கட்டுத் தாள் வந்தது. கிழிசல் கூட இல்லை.

அதற்குப் பிறகு என் கலை வேகமாக முன்னேறியது. மூன்றாம் பாகத்தில் இரும்புமூஞ்சி சாக்கடையில் விழுந்தான். நான்காம் பாகத்தில் தண்ணீர் கேட்டு வீடு வீடாகப் போனான். எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். நாய் கூட அவனைப் பார்த்துக் குரைக்க மறுத்தது. வாசகர்கள் கேட்டதை நான் கொடுத்தேன், அவர்கள் மேலும் கேட்டார்கள். புகழ் என்றால் என்ன என்று அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டேன். அம்மா மட்டும் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பாள்.

அந்த மாதத்தில்தான் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் எனக்குக் காதுகுத்து. மடி கம்போங் ராஜா மாமாவுடையது. காது குத்துகிற பத்தருக்கும் சொல்லியாகிவிட்டது. "வயசுக்கு வர்ற புள்ள, இன்னும் எத்தன நாளு?" என்றார். இந்தத் தடவை அம்மாவால் மறுக்க முடியவில்லை. மடி கொடுக்க இன்னொருவன் உட்கார்ந்துவிட்டால், கூடப் பிறந்தவன் செத்ததற்குச் சமம். நாளைக்குக் கல்யாணமானாலும் சாவானாலும் முறைக்கு அந்த இன்னொருவன்தான் வந்து நிற்பான். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கோ ஒரே குஷி. யார் மடியானால் என்ன, தோடு தோடுதானே?

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, மாமா தண்ணீர்த் தொட்டி வளைவில் எனக்காகக் காத்திருந்தார்.

ஐந்து வருஷமாக அவரோடு பேசியதில்லை. ஓடிவிடலாமா என்று பார்த்தேன், பாதை ஒன்றுதான்.

"அந்தப் படப் பொஸ்தகத்தக் காட்டு, தாயி," என்றார்.

கொடுத்தேன். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சாக்கடையைப் பார்த்தார். சாத்திய கதவுகளைப் பார்த்தார். குரைக்காத நாயை ரொம்ப நேரம் பார்த்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி இரண்டாம் பாகத்துக்குப் போய், விரலை வைத்துக் காட்டினார்.

"இது தப்புலா. கூடை தூக்குறவன் கொடையப் பின்னால மாட்ட முடியாது. இடிக்கும். மொத நாளு நானும் மாட்டிக்கிட்டுத்தான் போனேன்."

புத்தகத்தை மூடிக் கொடுத்தார்.

எனக்கு மானமே போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் இத்தனை வாரம் பார்த்தும் கண்டுபிடிக்காத தப்பு. அன்று ராத்திரியே வீட்டில் அதைச் சரிசெய்தேன். அப்பா இரண்டாவது ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா கேட்டதால் நடந்ததைச் சொன்னேன்.

"படிச்சிட்டு என்னா சொன்னாரு?"

"கொடை இடிக்கும்னாரு. மொத நாளு அவருக்கும் இடிச்சிச்சாம்."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே திரும்பிக்கொண்டவள், கொஞ்ச நேரம் என் பக்கம் திரும்பவில்லை. "அடுத்த வாரமும் கேட்டா காட்டு. அப்பாகிட்ட சொல்லாத," என்றாள்.

மாமா அடுத்த வாரமும் கேட்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் புத்தகத்தைப் படித்தவர்கள் யார்தான் கேட்காமல் இருந்தார்கள்? ஐந்தாம் பாகத்தை ரொம்பச் சோகமாகச் செய்தேன். மழை பெய்கிறது, இரும்புமூஞ்சி குடிசையில் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறான், வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. அந்த வெறும் வாசலுக்காகப் பக்கத்தில் பாதியை ஒன்றும் வரையாமல் விட்டிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆசிரியர் சொல்லிக்கொடுத்த உத்தி.

சனிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால், அந்த வாசலில் யாரோ ஒரு தூக்குச்சட்டியை வரைந்து வைத்திருக்கிறார்கள். கோணல்மாணலான சட்டி. மூடி விழாமல் இருக்க ஒரு துணியை வரிந்து கட்டியிருந்தது. பக்கத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல் ரேகை வேறு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போய் மல்லுக்கு நின்றேன்; அவள் தன் அம்மா மேல் ஆணையிட்டாள். ரப்பரை எடுத்துச் சட்டியை அழித்தேன். பழுப்புத் தாள் லேசில் விடாது. எவ்வளவு தேய்த்தும் தடம் தெரிந்தது. எங்கள் வீட்டுத் தூக்குச்சட்டி மூடியின் கொக்கி உடைந்துபோய், அம்மா பழைய கைலித் துணியைக் கிழித்துத்தான் கட்டிக்கொண்டு போவாள் என்பது எனக்குத் தெரியாதா என்ன? தினம் பார்ப்பதுதான். ஆனால் அம்மா பென்சில் பிடிப்பாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் இரண்டாம் வகுப்போடு கொழுந்துக்கு வந்தவள்.

மாமா தண்ணீர்த் தொட்டி வளைவில் நின்றார். அந்தப் பக்கம் வந்ததும் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இங்க என்னா இருந்திச்சி?"

"யாரோ சட்டியப் போட்டுக் கெடுத்துட்டாங்க, மாமா. அழிச்சிட்டேன்."

"என்னா சட்டி?"

"தூக்குச்சட்டி. மூடியில துணி கட்டுனது."

மாமா தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். கங்காணியாக இருந்தபோது மத்தியானம் அவருக்கும் சேர்த்து அம்மா சோறு கொண்டுபோனது அந்தச் சட்டியில்தான். இது நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பெரிய மனிதர் என் படத்தைப் பார்த்துக் கலங்குகிறார் என்பதுதான். வெறும் வாசல் வேலை செய்துவிட்டது என்று எனக்குள் பெருமை பொங்கியது.

"ரெண்டு நாளு வச்சிருந்து தரவா, தாயி?" என்றார். என் வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சாயங்காலம் படியில் காட்டவேண்டியதை ஒரு வாரம் தள்ளிப்போட்டுக் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை புத்தகம் திரும்பி வந்தது. ஐந்தாம் பாகத்துக்குப் பின்னால் காலியாக இருந்த தாளில் ஒரு படம். மாமாவுக்கு ஆள் வரைய வராது. அரிசி மூட்டைக்குக் கை முளைத்த மாதிரி ஒன்று மண்டி போட்டிருந்தது. முகமூடி மட்டும் இருந்ததால் இரும்புமூஞ்சி என்று தெரிந்தது. பக்கத்தில் கவிழ்ந்த கூடை. சுற்றிலும் சிந்திக் கிடந்த கொழுந்தை அது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஆள் அப்படியென்றால் கொழுந்து வேறு மாதிரி. இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. நரம்பு, ஓரத்துப் பல், காம்பு கிள்ளிய இடம் எல்லாம் அச்சாக இருந்தது. ஐம்பது அறுபது கொழுந்து இருக்கும். ஒன்று கூட அவசரமாகப் போட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பொறாமையில். கிழித்துப் போடலாம் என்றால் மறுபக்கம் என் பட்டினிக் குடிசை.

அம்மா அதை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது, புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். "ஏம்மா?" என்றேன். "போயி வெளையாடு," என்றாள். என் புத்தகத்தைப் பார்த்து இதுவரை ஒரு வார்த்தை சொல்லாத அம்மா, போயும் போயும் அந்த அரிசி மூட்டையைப் பார்த்து அழுகிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பா, தேத்தண்ணி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "புதுசு எங்க?" என்று கேட்டார். சனிக்கிழமைப் பாகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. அம்மா புத்தகத்தை மறைக்கவில்லை. அவளே எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

அப்பா பட்டினியைப் பார்த்துத் தலையாட்டினார். திருப்பினார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"இது யாரு வரஞ்சது?"

துருவுகிற சத்தம் நின்றது.

மாமா பெயரைச் சொன்னால் புத்தகம் அடுப்புக்குள் போகும், காதுகுத்துக்கு முன்னால் என் தோலும் உரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் பொய் சொன்னது பயத்தால் இல்லை. என் புத்தகத்தில் இன்னொருவர் கை பட்டிருக்கிறது, அதுவும் என்னைவிட நன்றாகப் பட்டிருக்கிறது என்று என் வாயால் சொல்ல மனசு வரவில்லை.

"நாந்தான்."

"கொழுந்தும் நீதானா?"

"ஆமா."

அப்பா என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "இவன் ஏன் மண்டி போட்டுப் பொறுக்கறான்?"

வரையாத படத்துக்குக் கதை சொல்லவேண்டியதாகிவிட்டது. "அவன்தானே கொட்டுனான். அவன்தான் பொறுக்கணும்," என்றேன்.

தேத்தண்ணி ஆறிப்போனது. அப்பா தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு கொழுந்தாகப் பார்த்தார்.

"சரி. பொறுக்கட்டும்," என்றார்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கம்போங் ராஜாவுக்கு ஆள் விட்டு வேணாம்னு சொல்லிடறேன். ஒங்க அண்ணன வரச் சொல்லு."

அம்மா தன் தட்டில் இருந்த மீனை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தாள்.

மாமா கங்காணியாக இருந்த காலத்தில், எப்படிக் கிள்ளவேண்டும் என்று பெண்களுக்குக் காட்ட, எடைக் கொட்டகைப் பலகையில் சாக்கட்டியால் ஒரு கொழுந்து வரைந்து வைத்திருந்தாராம். இரண்டு இலை, ஒரு மொட்டு, ஓரத்துப் பல்லோடு. வேலை போன பிறகும் அது வருஷக்கணக்கில் அழியாமல் இருந்ததாம். அப்பா தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தொழிற்சாலைக்குப் போவார். என் பொய்யை அவர் நம்பினாரா, நம்பியதாக வைத்துக்கொண்டாரா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. பகையாளி மண்டி போட்டால் இவரும் ஏதாவது செய்தாகவேண்டும். பத்து வயதுப் பெண் வரைந்த பொம்மை மண்டி போட்டால் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடலாம். இதெல்லாம் இப்போது எழுதுகிறபோது தோன்றுவது. அன்றைக்கு, என் கதையின் சக்தியால்தான் அப்பா மனசு மாறியது என்று நான் நம்பினேன். கதையைப் பாதியில் விட்ட டெலிவிஷன்காரர்களை நினைத்து ஏளனமாகக் கூடச் சிரித்துக்கொண்டேன்.

திருவிழா முடிந்த மறுநாள், மாரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் பாய் விரித்தார்கள். மாமா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டில் பாவாடைத் துணியும் பூவும் பழமும் தூக்கி வந்தார். லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் தட்டோடு படியிலேயே நின்றார். அப்பா தூணோரத்திலிருந்து வந்தார். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "ஒக்காருங்க, மச்சான்," என்றார். ஐந்து வருஷத்தில் அவர்கள் பேசியது அன்று அந்த ஒரு சொல்தான். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா மடியில் என்னை உட்கார வைத்தார்கள். சோப்பு வாசனை அடித்தது. பத்தர் விளக்கில் ஊசியைக் காட்டிக்கொண்டிருந்தார். என் தலை அசையாமல் இருக்க மாமா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்தார்.

"அந்தக் கடைசிப் பக்கத்த நீதான் வரஞ்சியாமே, தாயி?"

அழைக்கப் போன அம்மா சொல்லியிருக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வரைந்தவரிடமே மாட்டிக்கொண்டேன். இப்போது எல்லார் முன்னாலும், அப்பா முன்னாலும், சத்தமாகச் சொல்லப்போகிறார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மாமா சொல்லவில்லை.

"நல்லா வரஞ்சிருக்க, ஆத்தா. ரொம்ப நல்லா வரஞ்சிருக்க," என்றார்.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். "இன்னும் தொடவே இல்லியே, பாப்பா," என்று பத்தர் ஊசியைத் தூக்கிக் காட்ட, மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் அழுகையை நிறுத்தவில்லை. என்னிடம் படத்தைப் பறிகொடுத்தவரே என்னைப் பாராட்டுகிறார் என்றால், அது கேலியாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.